பம்புசெட் பலகையும் இன்டரப்டுகளின் வழித்தடமும்

ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களைக் கண்காணிக்கும் ஒரு சிறிய மின்னணுப் பலகைக்காக, லினக்ஸ் கெர்னலில் இன்டரப்ட் கட்டுப்படுத்தி டிரைவர் எழுதும் வேலையில் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி; டிரைவர் ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள்; இன்டரப்ட், சாதனம் செயலியை (ப்ராசஸரை) இடைமறித்து அழைக்கும் சமிக்ஞை. கும்பகோணத்தில் மின்னியல் தெரிந்த நண்பர்களுடன் சேர்ந்து செய்யும் வேலை இது. மேட்டூர் திறப்புக்குக் காத்திராமல் நிலத்தடி நீரை நம்பிக் குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகளை மனத்தில் வைத்துத் தொடங்கினோம். மற்ற டிரைவர்கள் தத்தம் சாதனத்துக்காக மட்டுமே பேசுகின்றன. இன்டரப்ட் கட்டுப்படுத்தியின் டிரைவரோ பிற சாதனங்களின் அழைப்பைச் செயலியிடம் கொண்டு சேர்க்கிறது. ஆகவே இங்கே பிழை இருந்தால் அதன் அறிகுறி இன்னொருவர் எழுதிய டிரைவரில்தான் வெளிப்படும், தேடுகிறவர்களும் அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காரணத்தாலேயே இதன் வடிவமைப்பில் மற்ற எந்த டிரைவரைவிடவும் கண்டிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன்.

பலகைக்கு வரும் சமிக்ஞைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனைக்கும் ஒளி வழியாகச் சமிக்ஞையைக் கடத்தும் ஓர் ஆப்டோகப்ளர் வைத்து, மின்னழுத்த அலை சுழியைக் (பூச்சியத்தைக்) கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு கிடைக்குமாறு செய்திருக்கிறோம். தொட்டியிலும் வயல் வாய்க்காலிலும் மிதவை சுவிட்சுகள் உண்டு. பெட்டிக் கதவு, கைமுறை சுவிட்சுகள், கடிகாரச் சில்லின் அலாரம் ஆகியவையும் உண்டு. இவற்றில் எது அவசரம் என்பதை எங்களுக்குத் தெளிவாகச் சொன்னவர், தன் பம்புசெட்டில் பலகையை வைத்துப் பார்க்க இடம் கொடுத்த ஒரு பெரியவர். "ஏந்தம்பி, ஒரு பேஸ் போயிட்டா இது எவ்வளவு நேரத்துல மோட்டார நிறுத்தும்? காயில் எரிஞ்சா ரீவைண்டிங் பண்ணி வர்றதுக்குள்ள நாத்து காஞ்சிடும்" என்று கேட்டார். "அரை செகண்டுக்குள்ள நிறுத்திடும் பெரியப்பா, ஆனா ஸ்டார்ட்டர்ல இருக்கிற பிரிவென்டர மட்டும் கழட்டிடாதீங்க" என்று சொன்னேன். பிரிவென்டர் என்பது ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி; மென்பொருள் அதற்கு மாற்றாகாது. அதற்கு அடுத்த அரணாகவே இருக்க வேண்டும். ஆனால் அரை விநாடி என்று சொல்லிவிட்டால், துடிப்பு நின்ற செய்தி வழியில் எங்கும் தங்காமல் செயலிக்கு வந்து சேர வேண்டும்.

செயலிக்குள் நுழையும் இன்டரப்ட் வாசல்கள் மிகச் சில. அழைக்கும் சாதனங்களோ பல. இடையில் ஒரு கட்டுப்படுத்தி இருக்க வேண்டிய காரணம் இதுதான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8 உள்ளீடுகள் கொண்ட ஒரே ஒரு 8259ஏ சில்லு இருந்தது. 1984இல் வந்த ஏடி மாதிரியில் இரண்டாவது சில்லு ஒன்றை முதல் சில்லின் 2ஆம் உள்ளீட்டில் கோத்தார்கள். கோப்பதற்கே ஓர் உள்ளீடு செலவானதால் சாதனங்களுக்கு 15 வழிகள் மிஞ்சின. அந்தக் காலத்து டிரைவர்களில் விசைப்பலகைக்கு 1, முதல் சீரியல் போர்ட்டுக்கு 4 என்று எண்களை நேரடியாகவே எழுதிவைத்தார்கள். கணினிகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது.

எங்கள் பலகையில் வாய்க்கால் மிதவை எழும்பினால் அந்தச் செய்தி மூன்று கட்டுப்படுத்திகளைக் கடந்து வருகிறது. மிதவை சுவிட்ச் எம்சிபி23017 என்ற 16 முனை விரிவாக்கச் சில்லில் இணைந்திருக்கிறது. அந்தச் சில்லின் இன்டரப்ட் முனை, பிரதானச் சில்லின் ஜிபிஐஓ வங்கியில் (பொதுப் பயன்பாட்டு முனைகளின் தொகுதியில்) உள்ள 32 முனைகளில் ஒன்றில் சேர்கிறது. அந்த வங்கி முழுவதற்கும் ஆர்ம் நிறுவனத்தின் பொது இன்டரப்ட் கட்டுப்படுத்தியான ஜிஐசியில் ஒரே ஓர் எண்தான் உண்டு. ஜிஐசியில் 0 முதல் 15 வரை செயலிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவை, 16 முதல் 31 வரை ஒவ்வொரு செயலிக்கும் தனியானவை, 32 முதல் 1019 வரை வெளிச் சாதனங்களுக்குப் பொதுவானவை. பலகையில் எது எங்கே இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் சாதன மரக் கோப்பில் பொது வகையில் 40 என்று எழுதினால் அது வன்பொருளில் 72 ஆகும், ஏனெனில் அந்தக் கோப்பின் 0 வன்பொருளின் 32ஐக் குறிக்கிறது.

இவ்வளவு எண்களில் எது சரியான எண் என்று புதிதாக வருகிற மாணவர்கள் கேட்கிறார்கள். எல்லாமே அவையவை இருக்கும் இடத்தில் சரிதான். 5ஆம் நம்பர் மதகு என்று மட்டும் சொன்னால் டெல்டாவில் யாருக்கும் எதுவும் விளங்காது. எந்த ஆற்றில், எந்தக் கிளை வாய்க்காலில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஓர் இடத்தைக் குறிக்கும். கெர்னலில் 'ஐஆர்க்யூ டொமைன்' என்ற அமைப்பு செய்வது இதைத்தான். ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் ஒரு டொமைன் உண்டு. அதற்குள் வன்பொருள் எண் அந்தச் சில்லுக்கு மட்டும் உரியது. டிரைவர்கள் கேட்டுப் பெறும் லினக்ஸ் எண்ணை டொமைன் தன் பட்டியலில் பார்த்துத் தருகிறது. அந்த எண் ஒருமுறை 47 ஆகவும், கெர்னல் பதிப்பை மாற்றியபின் 53 ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணில் பொருள் தேடக் கூடாது. வடிவமைப்பில் நான் வைத்துக்கொண்ட முதல் விதி இதிலிருந்து வருகிறது: ஒரு கட்டுப்படுத்தியின் டிரைவர் தன் உள்ளீடுகளின் எண்களையும், தன் பெற்றோரிடம் (தனக்கு மேலுள்ள கட்டுப்படுத்தியிடம்) எந்த வாசலில் சேர்கிறோம் என்பதையும் தவிர வேறு எதையும் அறிந்திருக்கக் கூடாது. விரிவாக்கச் சில்லின் டிரைவரில் ஜிஐசி என்ற பெயர் ஓரிடத்தில் தென்பட்டாலும் அந்த வடிவமைப்பு கெட்டுவிட்டது என்று பொருள்.

தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்நாரும் எழுதிய பொது இன்டரப்ட் அடுக்கு 2006இல், 2.6.18 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. ஒவ்வொரு செயலிக் கட்டமைப்பும் தனித்தனியாகத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்ததை அது ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, சில்லைத் தொடும் செயல்களையும் ஓர் இன்டரப்டை நடத்திச் செல்லும் முறையையும் தனித்தனியாகப் பிரித்ததுதான். ஓர் உள்ளீட்டை மறைத்தல், திறத்தல், அழைப்பு கிடைத்ததாகச் சில்லுக்கு ஒப்புகை தருதல், வகையை அமைத்தல் என்ற சிறிய செயல்களை மட்டும் டிரைவர் தருகிறது. அவற்றை எந்த வரிசையில் அழைப்பது என்பதை நடத்தும் முறை தீர்மானிக்கிறது.

2015இல் வந்த 3.19 பதிப்பில் டொமைன்களை அடுக்கடுக்காகக் கோக்கும் வசதி சேர்ந்தது. அதன்பிறகு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பல உள்ளீடுகள் ஒரே வெளியீட்டில் கலந்தால் சங்கிலி முறை: பெற்றோரின் அழைப்பு வந்ததும் நம் சில்லுக்குள் உள்ள நிலை ரிஜிஸ்டர் என்ற சிறு பதிவிடத்தைப் படித்து, எந்தெந்த பிட்டுகள் எழுந்திருக்கின்றனவோ அவற்றுக்குரியவர்களை அழைக்க வேண்டும். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனி வெளியீடு இருந்தால் அடுக்கு முறை: அங்கே எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டு மற்ற வேலைகளைப் பெற்றோரிடமே விட்டுவிடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகள் கம்பி வழியாக அல்லாமல் நினைவக எழுத்து வழியாக அனுப்பும் எம்எஸ்ஐ இன்டரப்டுகளுக்கு இந்த அடுக்கு முறைதான் பொருந்துகிறது. சங்கிலி முறையில் கலந்துவிட்ட உள்ளீடுகளைத் தனித்தனிச் செயலிகளுக்குத் திருப்பிவிட முடியாது. வெளியீடு எந்தச் செயலிக்குப் போகிறதோ அங்கேதான் எல்லாம் சேர்ந்து போகும். எங்களுக்கு இரண்டு இடங்களிலுமே சங்கிலி முறைதான் சரி.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட இடத்துக்கு வருகிறேன். ஒரு சமிக்ஞை மட்டத்தைச் சார்ந்ததா, விளிம்பைச் சார்ந்ததா என்ற கேள்வி பார்க்க எளிதாக இருக்கிறது. களத்தில் நாங்கள் கண்ட மர்மக் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. மட்ட வகையில், காரணம் நீங்கும்வரை கம்பி அதே நிலையில் நிற்கும். ஆகவே கெர்னல் முதலில் அதை மறைத்து, சாதனத்தின் டிரைவரை ஓடவிட்டு, பிறகு திறக்கிறது. திறந்தபின்னும் கம்பி இறங்கியே இருந்தால் மறுபடி அழைப்பு வரும், எதுவும் தொலையாது. விளிம்பு வகையில், மாறும் அந்தக் கணம் மட்டுமே செய்தி. அங்கே ஒப்புகையை முதலில் தந்துவிட்டுத்தான் டிரைவரை ஓடவிட வேண்டும். வேலை முடிந்தபின் ஒப்புகை தந்தால், இடையில் வந்த இன்னொரு விளிம்பும் சேர்ந்து அழிந்துபோகும்.

பலகையுடன் எங்களுக்கு வந்த மாதிரிக் குறியீட்டில், விரிவாக்கச் சில்லின் இன்டரப்ட் முனை இறங்கு விளிம்பு வகை என்று எழுதப்பட்டிருந்தது. மேசையில் எல்லாம் சரியாக நடந்தது. வயலில் வைத்தபின், ஐப்பசி மழையில் மிதவைகள் அலைபாயும் மாலைகளில், திடீரென்று எல்லா மிதவைகளும் ஒருசேர மௌனமாகிவிடும். பலகையை மறுபடி தொடங்கினால்தான் உயிர் வரும். மிதவை டிரைவரைத்தான் எல்லோரும் சந்தேகித்தோம். நண்பர் ஒருவர் ஆசிலாஸ்கோப்பை அந்தக் கம்பியில் வைத்துப் பார்த்தபோது, அது கீழ்நிலையிலேயே நின்றுகொண்டிருந்தது.

காரணம் இதுதான். அந்தச் சில்லில் 8 முனைகள் கொண்ட இரண்டு பகுதிகள் உள்ளன. இரண்டின் இன்டரப்டையும் ஒரே கம்பியில் சேர்த்துவிடும் அமைப்பில் அதைப் பயன்படுத்தினோம். ஒரு பகுதியின் பதிவுசெய்த மதிப்பையோ நடப்பு மதிப்பையோ படித்தால் அந்தப் பகுதியின் இன்டரப்ட் நீங்கும். முதல் பகுதியைப் படித்து முடித்து, இரண்டாம் பகுதியைப் படித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில் முதல் பகுதியில் இன்னொரு மிதவை அசைந்தால், கம்பி மேலே எழும்புவதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மேலே எழாத கம்பியில் இறங்கு விளிம்பும் வராது. ஜிபிஐஓ வங்கி விளிம்புக்காகக் காத்திருக்கிறது, விரிவாக்கச் சில்லு யாராவது தன்னைப் படிப்பதற்காகக் காத்திருக்கிறது. இருவரும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். சாதன மரத்தில் வகையைக் குறிக்கும் எண்ணை 2இலிருந்து 8க்கு, அதாவது இறங்கு விளிம்பிலிருந்து தாழ்மட்டத்துக்கு, மாற்றியதும் அந்த நோய் தீர்ந்தது. வேலை முடிந்து வாசலைத் திறக்கும்போது கம்பி இன்னும் தாழ்வாக இருந்தால் உடனே மறுபடி அழைப்பு வந்துவிடுகிறது.

வன்பொருள் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே டிரைவர் சொல்ல வேண்டும், நமக்கு வசதியானபடி சொல்லக் கூடாது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. இதே நேர்மை எதிர்த்திசையிலும் வேண்டும். ஜிஐசியின் பொது இன்டரப்டுகள் உயர்மட்டத்தையும் ஏறு விளிம்பையும் மட்டுமே அறியும். தாழ்மட்டம் கேட்டால் அதன் டிரைவர் பிழை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. மீடியாடெக் சில்லுகளில் இதற்காகவே சமிக்ஞையைத் தலைகீழாக்கும் ஒரு சிறு கட்டுப்படுத்தியை இடையில் வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனி டிரைவரும் உண்டு. நாம் எழுதும் டிரைவரும் தன்னால் முடியாத வகையைக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். தலையாட்டிவிட்டு வேறு வகையில் அமைத்துக்கொள்வதைவிட, தொடக்கத்திலேயே ஒரு சாதனம் ஏற்றப்படாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

அந்தச் சில்லிடம் இன்னொரு குணமும் உண்டு. ஒரு பகுதியில் முதலில் அசைந்த முனையின் மதிப்பைப் பிடித்துவைத்துக்கொண்டபின், அது நீக்கப்படும்வரை வேறு முனைகளின் மாற்றத்தை அது தனியாகப் பதிவதில்லை. எனவே எந்த முனை அழைத்தது என்று காட்டும் கொடி ரிஜிஸ்டரை மட்டும் நம்பினால் இரண்டாவது மிதவையின் செய்தி தவறும். நடப்பு மதிப்பையும் படித்து, முந்தைய மதிப்போடு ஒப்பிட்டு, மாறிய முனைகள் அனைத்துக்கும் உரியவர்களை அழைக்குமாறு எழுதியிருக்கிறேன்.

விரிவாக்கச் சில்லுடன் பேசுவது ஐ2சி பாட்டை என்ற இரு கம்பித் தொடர்பு வழியாக என்பதால் வேறு ஒரு சிக்கல் எழுகிறது. இன்டரப்ட் வந்த கணத்தில் கெர்னல் உறங்கக் கூடாது, அதாவது செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. பாட்டையில் பேசுவதற்கோ உறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே அந்தச் சில்லைப் படிக்கும் வேலையை தனியாக ஓடும் பணித்தொடரான ஓர் இழைக்குத் தள்ளிவிட்டு, அது முடியும்வரை பெற்றோர் கம்பியை மறைத்தே வைக்க வேண்டும். மிதவை டிரைவரின் வேலையும் அதே இழைக்குள் நடக்கும். மறைத்தல், திறத்தல் போன்ற செயல்கள் சுழல் பூட்டு (கிடைக்கும்வரை உறங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) பிடிக்கப்பட்ட நிலையில் அழைக்கப்படுவதால், அங்கே நினைவகத்தில் உள்ள நகலை மட்டும் மாற்றிவிட்டு, பாட்டைப் பூட்டை விடுவிக்கும் செயலில் அந்த மாற்றத்தைச் சில்லுக்கு எழுத வேண்டும். கெர்னல் இதற்கென்றே இரண்டு செயல்களை வைத்திருக்கிறது. ஜிபிஐஓ வங்கியின் டிரைவருக்கு இந்தச் சுற்று வழி தேவையில்லை. ஆனால் அங்கே சாதாரணச் சுழல் பூட்டு கூடாது. குறித்த நேரத்துக்குள் பதில் தரும் நிகழ்நேரக் கெர்னலில் சாதாரணப் பூட்டுகள் உறங்கும் பூட்டுகளாக மாறிவிடும் என்பதால் மூலவகைச் சுழல் பூட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த நிகழ்நேர வசதி 2024இல் 6.12 பதிப்போடு பிரதானக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டதால், இதை யாரோ சிலருடைய கவலை என்று இனி ஒதுக்க முடியாது.

மும்முனைத் துடிப்புகளை விரிவாக்கச் சில்லில் சேர்க்காததற்குக் காரணமும் இதுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒரு விநாடியில் 100 முறை சுழியைக் கடக்கிறது. மூன்று முனைகளுக்கு 300 துடிப்புகள். 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஐ2சி பாட்டையில் இரண்டு பைட் படிக்க முகவரிகளையும் சேர்த்து ஏறத்தாழ அரை மில்லிவிநாடி ஆகிறது. கொடி, மதிப்பு என்று இரண்டு முறை படித்தால் ஒரு மில்லிவிநாடி. அப்படியானால் ஒவ்வொரு விநாடியிலும் 300 மில்லிவிநாடிகளைத் துடிப்புகளே தின்றுவிடும், அதே பாட்டையில் உள்ள கடிகாரச் சில்லும் காத்துக்கிடக்கும். வழித்தடத்தை முடிவுசெய்யும்போது டிரைவர் எழுதுபவரும் பலகை வரைபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். செம்புத் தடம் பதிந்தபின் மென்பொருளால் செய்யக்கூடியது குறைவு.

யாரும் உரிமை கோராத இன்டரப்ட் குறித்து ஒரு சொல். ஒரு கம்பியில் வந்த 100,000 அழைப்புகளில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் தன்னுடையது என்று ஏற்கவில்லை என்றால், கெர்னல் அந்தக் கம்பியையே அடைத்துவிடும். பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிரும்போது, தன்னுடையது அல்லாததையும் தன்னுடையது என்று சொல்லும் டிரைவர் இந்தக் காவலைச் செயலிழக்கச் செய்கிறது. சங்கிலி முறையில் நம் நிலை ரிஜிஸ்டர் சுழியமாக இருந்தால் அதை மறைக்காமல் மேலே சொல்லிவிட வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலிக் கட்டமைப்பின் பக்கமும் இந்த வேலையைக் கொண்டுபோகும் எண்ணம் இருக்கிறது, சென்னை ஐஐடியின் சக்தி செயலியில் இந்தப் பலகையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும் உண்டு. அங்கே பிளிக் என்ற கட்டுப்படுத்தி, கோருதல், முடித்தல் என்ற இரண்டு செயல்களால் இயங்குகிறது. கோரும்போது அது முன்னுரிமை மிகுந்த எண்ணைத் தருகிறது; முடித்துவிட்டோம் என்று எழுதும்வரை அதே மூலத்திலிருந்து அடுத்த அழைப்பை விடாது. வேலை நடக்கும்போது அந்த மூலத்தை மறைத்துவைத்துவிட்டு, மறைத்த நிலையிலேயே முடித்தோம் என்று எழுதினால் பிளிக் அதை ஏற்காமல் புறக்கணித்துவிடும். அதன்பின் அந்தச் சாதனத்தின் குரல் வரவே வராது. லினக்ஸ் டிரைவரில் இதற்காக, மறைந்திருந்தால் ஒருகணம் திறந்து, முடித்ததை எழுதி, மறுபடி மறைக்கும்படி திருத்தினார்கள். தனி இழைக்கு வேலையைத் தள்ளும் எங்கள் முறையில் இந்த நிலை ஒவ்வோர் அழைப்பிலும் ஏற்படும் என்பதால் அந்தத் திருத்தம் எங்களுக்கு உயிர்நாடி.

மின்சாரம் இல்லாதபோது பலகை மின்கலத்தில் உறங்குகிறது. மும்முனை வந்தவுடன், அது நள்ளிரவாக இருந்தாலும், விழித்துக்கொள்ள வேண்டும். விழிப்பூட்டும் வேண்டுகோளை ஒவ்வோர் அடுக்கும் தன் பெற்றோருக்குக் கடத்த வேண்டும். நடுவில் ஓர் அடுக்கு விட்டுவிட்டால் கீழுள்ள சாதனம் தான் விழிப்பூட்டத் தயாராக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

சோதனைக்கு நாங்கள் நம்புவது, அலை உருவாக்கியிலிருந்து தெரிந்த எண்ணிக்கையில் துடிப்புகளை அனுப்பி, கெர்னல் ஒவ்வோர் இன்டரப்டுக்கும் வைத்திருக்கும் கணக்கோடு ஒப்பிடுவது. பிழைதிருத்தக் கோப்பமைப்பில் டொமைன்களின் அடுக்கையும் ஒவ்வோர் இன்டரப்டும் எந்த வழியாகப் போகிறது என்பதையும் பார்க்கலாம். அந்த அமைப்பைத் தேர்ந்து கெர்னலைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போது கவனம் முழுவதும் தொடக்க வரிசையில் இருக்கிறது. மென்பொருள் உறைந்துவிட்டதைக் கண்டறியும் காவல் கடிகாரம் பிரதானச் சில்லை மட்டும் மறுதொடக்கம் செய்யும்போது விரிவாக்கச் சில்லு மின்சாரத்தை இழப்பதில்லை. பழைய அமைப்பும் பழைய இன்டரப்டும் அதில் அப்படியே நிற்கின்றன. ஆகவே முதலில் எல்லா முனைகளையும் மறைத்து, எஞ்சிய இன்டரப்டைப் படித்து நீக்கி, மிதவைகளின் நடப்பு நிலையை முந்தைய மதிப்பாக வைத்துக்கொண்டு, டொமைனைப் பதிவுசெய்து, கடைசியில்தான் பெற்றோர் கம்பியைக் கேட்டுப் பெற வேண்டும். அடுத்த குறுவைக்கு வயலில் வைக்கப்போகும் பலகைகளில் இந்த வரிசைதான் ஓடும். அவற்றில் விரிவாக்கச் சில்லின் மீட்டமைப்பு முனையையும் பிரதானச் சில்லோடு இணைத்துவிடும்படி பலகை வரையும் நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.